கோழியும் பூச்சிமருந்தும்: ஒரு பழைய கணக்கு

(இயந்திரவியல் துறை, 2006–2010)

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, "நீ மெக்கானிக்கல்காரன், பம்பு, வால்வு என்று ஏதாவது எழுது" என்றார்கள். பம்பு பற்றி எழுத நம் பேட்ச்சிலேயே இருபது பேர் தேறுவார்கள். நான் கோழியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். பிறகு, "சரி, சரித்திரம் மாதிரி எழுது. ஜோக் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்" என்று சொன்னார்கள்.

ஜோக் இல்லை நண்பர்களே. நான் இந்தக் கல்லூரியில் படித்து முடித்ததில் கோழிக்குப் பங்கு உண்டு. அம்மா வீட்டுப் பின்கட்டில் நாட்டுக்கோழி வளர்த்தார். செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் வரும்போதெல்லாம் இரண்டு மூன்று சேவல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும். ஹாஸ்டலில் மெஸ் பில் கட்டியது அப்பாவின் மஞ்சள் காடு என்றால், பரீட்சை எழுத வைத்தது அம்மாவின் கோழிக்கூடை. அந்தக் கோழிகளைத்தான் 2008-இல், ஐந்தாம் செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸில், நானே கொன்றேன்.

நடந்தது இதுதான். கோழிகளுக்குப் பேன் பிடித்திருந்தது. இறகைப் பிரித்தால் தோலெல்லாம் ஊறும். அம்மா வழக்கம்போல் சாம்பலும் மண்ணும் கலந்து குழி போட்டு வைத்தார். எனக்கு அது பத்தாம்பசலியாகத் தெரிந்தது. அப்பா காட்டுக்கு அடித்த பூச்சிமருந்து பாட்டிலில் மிச்சம் இருந்தது. லேபிளைப் படித்தேன். ஆர்கனோபாஸ்பேட் வகை. ஏக்கருக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது. செடிக்கான அளவைக் கோழிக்கு எடுத்துக்கொண்டது முதல் தப்பு. பாட்டில் மூடியையே அளவாக வைத்து ஊற்றியது இரண்டாவது தப்பு. மூடி எத்தனை மில்லி பிடிக்கும் என்று நான் அளக்கவில்லை. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், மெட்ராலஜி பேப்பரில் எழுபதுக்கு மேல் எடுத்தவன்! வாளியில் கலந்து 41 கோழிகளையும் ஒவ்வொன்றாகக் கழுத்து வரைக்கும் முக்கி எடுத்தேன்.

ஒரு மணி நேரத்துக்குள் வாயில் கோழை வழிய ஆரம்பித்தது. தண்ணியாகக் கழிந்தன. கால் மடங்கி உட்கார்ந்தன, கழுத்து நடுங்கியது, மூச்சுக்கு அலகைத் திறந்து திறந்து மூடின. "ஏன் கண்ணு, எதை ஊத்துன?" என்று அம்மா கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஸ்கூட்டரில் வந்து, சோப்புத் தண்ணியில் எல்லாவற்றையும் கழுவச் சொல்லிவிட்டு, அட்ரோபின் ஊசி போட்டார். விடியும்போது 17 செத்திருந்தன.

மிச்சம் 24 பிழைத்தன என்று நினைத்தோம். அந்த வாரமே ஊரில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம். எல்லார் வீட்டுக் கோழியோடும் எங்கள் வீட்டுக் கோழிகளுக்கும் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து நோய் வந்தது. பக்கத்து வீடுகளில் ஒன்றிரண்டு போனது. எங்கள் வீட்டில் 4 மட்டும் நின்றன. டாக்டரிடம் கேட்டேன். "இதுனாலதான் அதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன் தம்பி. ஆனா மருந்து பட்ட கோழிக்குத் தடுப்பூசி சரியா ஏறாதுன்னு புஸ்தகத்துல இருக்குது" என்றார். செத்துப்போன இரண்டு மாதக் குஞ்சு ஒன்றை அறுத்து, வாலுக்குப் பக்கத்தில் கழிவுக்குழிக்கு மேலே இருந்த ஒரு சின்னப் பையைக் கத்தி முனையில் காட்டினார். "இதுக்குப் பேரு பர்சா. இந்த வயசுல கொண்டக்கடலையை விடப் பெருசா இருக்கணும். சுருங்கிக் கெடக்குது பாருங்க. நோயும் இதைச் சுருக்கும், மருந்தும் சுருக்கும். ரெண்டுல எதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

இந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை. அன்றிலிருந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் படித்துச் சேர்த்ததைத்தான் கீழே எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்ல. தப்பு இருந்தால் நம் கல்லூரியிலிருந்து வெட்னரி பக்கம் சம்பந்தம் செய்துகொண்ட நண்பர்கள் திருத்தட்டும்.

முதலில் மருந்தின் கதை. ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ரசாயன விஞ்ஞானி 1930-களில் பூச்சிகளைக் கொல்லப் பாஸ்பரஸ் சேர்மங்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1936 கடைசியில் அவர் கையில் வந்தது டாபுன். அது பூச்சியோடு மனிதனையும் சேர்த்துக் கொல்லும் என்று தெரிந்ததும் ராணுவம் எடுத்துக்கொண்டது. உலகத்தின் முதல் நரம்பு விஷவாயு அதுதான். அதே ஷ்ராடர் 1944-இல் கண்டுபிடித்தது பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து. யுத்தம் முடிந்ததும் இந்தக் குடும்பம் உலகமெல்லாம் வயலுக்குப் போனது. மாலத்தியான், டயசினான், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் இந்த வம்சத்தின் அண்ணன் தம்பிகள்.

வேலை செய்யும் விதம் எஞ்சினியருக்குப் புரியும். நரம்பு முனையில் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வெளிப்பட்டால் தசை இயங்கும். உடனே ஒரு நொதி வந்து அந்த அசிடைல்கோலினை உடைத்து நிறுத்தும். பூச்சிமருந்து அந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. கான்டாக்ட் ஒட்டிக்கொண்ட ஸ்டார்ட்டர் மாதிரி, பட்டனை விட்ட பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கோழை, கழிச்சல், நடுக்கம், கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்து சாவு. பின்கட்டில் நான் பார்த்தது இதுதான்.

ஆனால் கோழியின் சரித்திரத்தில் இதைவிட விசித்திரமான இன்னொரு நோய் உண்டு. அது உடனே வராது, நாள் கழித்து வரும்.

அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். ஜமைக்கா இஞ்சிச் சாறு என்று மருந்துக்கடையில் ஒரு சீசா விற்பார்கள். பேருக்கு வயிற்று மருந்து, உள்ளே பெரும்பகுதி சாராயம். யாரும் அதைக் குடித்துப் போதை ஏற்றிக்கொள்ளக்கூடாது என்று அரசாங்கம் ஒரு விதி வைத்தது. சாற்றைச் சுண்ட வைத்தால் அடியில் குறிப்பிட்ட எடைக்குத் திடப்பொருள் தங்க வேண்டும். இஞ்சி அவ்வளவு சேர்ந்தால் காரம் தாங்காது, குடிக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. போஸ்டனில் இரண்டு பேர் இந்தச் சோதனையை ஏமாற்ற வழி தேடினார்கள். சுண்டினாலும் ஆவியாகாத, ருசியில்லாத, சாராயத்தில் கரையும் ஒரு திரவம் வேண்டும். பிளாஸ்டிக், வார்னிஷ் தொழிலில் பயன்படும் ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் கிடைத்தது. கலந்தார்கள். சோதனையில் பாஸ் ஆயிற்று. தராசு எடையைத்தான் பார்த்தது, என்ன பொருள் என்று பார்க்கவில்லை. நம்மில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

1930-ஆம் வருஷம் ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களுக்குக் கால் விழுந்தது. குடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கெண்டைக்கால் வலி, பிறகு பாதம் தொங்கிப் போகும். "ஜேக் நடை" என்றே அதற்குப் பேர் வந்தது. எத்தனை பேர் என்று சரியான கணக்கு இல்லை, பல பத்தாயிரம் என்று சொல்கிறார்கள். பலருக்கு ஆயுசுக்கும் கால் சரியாகவே இல்லை. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் மாரிஸ் ஸ்மித் குழுவினர் இந்தத் திரவத்தைப் பிரித்தெடுத்து ஒவ்வொரு மிருகமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. குரங்குக்கு வாய்வழி கொடுத்தும் கால் விழவில்லை. கோழிக்குக் கொடுத்தார்கள். நாள் கழித்து, மனுஷனுக்கு வந்த மாதிரியே, கோழிக்குக் கால் விழுந்தது.

இந்த இடத்தில்தான் கோழி விஷ விஞ்ஞானத்துக்குள் நுழைகிறது. யாரும் அதைத் திட்டம் போட்டு அழைக்கவில்லை.

அப்போது டி.ஓ.சி.பி. பூச்சிமருந்தே அல்ல. ஆனால் வேதியியலில் அதே குடும்பம். அதன் விளைவு 1951-இல் தெரிந்தது. இங்கிலாந்தில் மிப்பாஃபாக்ஸ் என்ற புதுப் பூச்சிமருந்தைச் சிறிய அளவில் தயாரித்துப் பார்த்த இடத்தில் மூன்று பேருக்கு விஷம் ஏறியது. உடனடி விஷத்திலிருந்து பிழைத்தார்கள். ஆனால் சில வாரத்தில் இரண்டு பேருக்குக் கால் விழுந்தது. கார்ஷால்டன் ஊரில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் விஷவியல் கூடத்தில் பார்ன்ஸ், டென்ஸ் இருவரும் கோழிகளை வைத்து இதே வாதத்தை உண்டாக்கிக் காட்டி, 1953-இல் வெளியிட்டார்கள். 1959-இல் மொராக்கோவின் மெக்னஸ் நகரத்தில் விமான எஞ்சினுக்கான மசகு எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்று, சுமார் 10,000 பேருக்குக் கால் போனது. அதிலும் இதே கிரெசில் பாஸ்பேட்தான்.

ஏன் இரண்டு வாரம் தாமதம்? இதற்கு விடை கோழி மூளையில் கிடைத்தது. அதே கார்ஷால்டனில் மார்ட்டின் ஜான்சன் 1969-இல், இந்த வாதத்துக்கும் முன்சொன்ன நொதிக்கும் சம்பந்தம் இல்லை, வேறு ஒரு புரதம் இருக்கிறது என்று காட்டினார். அதற்கு நரம்பு விஷ எஸ்டரேஸ் என்று பேர் வந்தது. அதில் சுமார் 70 சதவீதம் அடைபட்டால், முதலில் ஒன்றும் தெரியாது. ஆனால் நீளமான நரம்புகள் நுனியிலிருந்து மெல்ல அழிய ஆரம்பிக்கும். காலுக்குப் போகும் நரம்புதான் உடம்பில் நீளம், அதனால்தான் கால் முதலில் விழுகிறது. குஞ்சுகளுக்கு இந்த வாதம் எளிதில் வருவதில்லை. வளர்ந்த பெட்டைக்கு வரும். 2008-இல், அதாவது நான் வாளியில் மருந்து கலந்த அதே வருஷம், இந்தப் புரதத்துக்கான மனித மரபணுவில் கோளாறு இருந்தால் பரம்பரையாகக் கால் விறைப்பு நோய் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். மனுஷன் காலும் கோழிக் காலும் ஒரே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எலியை மட்டும் நம்பியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். எலிக்கு இந்தக் கால்வாதம் கோழிக்கு வருவது மாதிரி வெளியே தெரிவதில்லை. அதனால்தான் புதிய ஆர்கனோபாஸ்பேட் மருந்தை வளர்ந்த பெட்டைக் கோழிக்குக் கொடுத்து 21 நாள் நடையைக் கவனிக்க வேண்டும் என்ற சோதனை வழக்கத்துக்கு வந்தது. ஓ.இ.சி.டி. அமைப்பு இதை 418, 419 என்று எண் போட்ட வழிமுறைகளாகவே வைத்திருக்கிறது. 8 முதல் 12 மாத வயதுக் கோழி வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

சோதனை இருந்தால் மட்டும் போதுமா? லெப்டோஃபாஸ் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் உள்நாட்டு விற்பனைக்கு முழு அனுமதி வாங்காமலேயே வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான மருந்து அது. 1971-இல் எகிப்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருமைகள் அதனால் செத்தன. கோழிகளுக்கு அது கால்வாதம் தருகிறது என்று 1974-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. டெக்சஸ் மாநிலத்தில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளிகளுக்கு அதே காலத்தில் நரம்புக் கோளாறு வந்தது. எருமை சொன்னது, கோழி சொன்னது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இனி அந்தச் சின்னப் பை.

இத்தாலியின் பதுவா நகரத்தில் பேராசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ் கோழியின் உடம்பில் இந்தப் பையைக் கண்டார். அவர் இறந்த பிறகு, 1621-இல் வெளியான நூலில் அது இருக்கிறது. அதன் வேலை என்ன என்று 300 வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1950-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், பேராசிரியர் ஒரு பெருவாத்தை அறுத்துக் காட்டும்போது "இது என்ன சார்?" என்று கேட்டார். பை பேரைச் சொன்னார் பேராசிரியர். "இதன் வேலை என்ன?" என்று கேட்டதற்கு, "நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி" என்கிற மாதிரி பதில் வந்தது. இப்போது இங்கே படிக்கிற தம்பி தங்கைகளே, இப்படிப் பதில் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கேள்விக்கு மார்க் கிடையாது என்பது வேறு விஷயம்.

கிளிக் குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் நன்றாகத்தான் வளர்ந்தன, ஒன்றும் புலப்படவில்லை. அப்போது கூடப் படித்த திமோத்தி சாங் என்பவருக்கு, சால்மொனெல்லா கிருமிக்கு எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பில் செய்து காட்டக் கோழி தேவைப்பட்டது. கிளிக்கிடம் கடன் வாங்கினார். செய்முறை தோற்றுப் போனது. எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. எவை என்று பார்த்தால், எல்லாம் பை வெட்டிய கோழிகள்! வகுப்பு கெட்டது, விஞ்ஞானம் பிழைத்தது. பெரிய பத்திரிகை ஒன்று அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956-இல் 'பவுல்ட்ரி சயன்ஸ்' இதழில் வெளியானது. கோழிக்காரர்கள் படிக்கும் பத்திரிகையில் வந்ததை மனுஷ டாக்டர்கள் கவனிக்கச் சில வருஷம் ஆயிற்று. 1965-இல் மேக்ஸ் கூப்பர், ராபர்ட் குட் ஆகியோர் எதிர்ப்பு சக்தியில் இரண்டு தனித்தனிப் படைகள் உண்டு என்று கோழியை வைத்தே நிரூபித்தார்கள். இன்று நம் ரத்தப் பரிசோதனையில் 'பி செல்' என்று வருகிறதே, அந்த 'பி' இந்த பர்சாவின் முதலெழுத்துதான்.

இந்தப் பை குஞ்சுப் பருவத்தில் வேகமாக வளர்ந்து, கோழி பருவத்துக்கு வரும்போது சுருங்கி மறைந்துவிடும். இடைப்பட்ட சில வாரத்தில் அதற்கு அடி விழுந்தால் பிறகு ஈடுகட்டுவது கஷ்டம். பண்ணைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் கம்போரோ என்ற ஊர்ப் பெயரில் 1962-இல் விவரிக்கப்பட்ட நோய் இந்தப் பையைத்தான் தாக்குகிறது. அது வந்து போன ஷெட்டில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி சரியாக எடுக்காது. நாமக்கல் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிருமி செய்வதை மருந்தும் செய்யுமா? மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய் வேலை பார்த்த அதே கிளிக், 1974-இல் மிரெக்ஸ், டி.டி.டி. இரண்டும் உடம்பில் இருக்கும்போது கோழியின் எதிர்ப்பு சக்தி எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். பையின் வேலையைக் கண்டவரே பூச்சிமருந்துக்கும் வந்து சேர்ந்தார் பாருங்கள். பிறகு இந்தியக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் உட்படப் பலர் மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்றவற்றைக் குறைந்த அளவில், கோழி சாகாத அளவில், தீவனத்தோடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தடுப்பூசிக்குப் பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவு, பர்சாவிலும் தைமஸிலும் மண்ணீரலிலும் வெள்ளணுக்கள் தேய்வு என்று திரும்பத் திரும்ப வருகிறது. கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மேயும், கூவும். பை மட்டும் உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும்.

ஆனாலும் டாக்டர் சொன்ன ஜாக்கிரதை இங்கேயும் பொருந்தும். விஷம் பட்ட கோழி தீனி எடுக்காது. பட்டினியே பர்சாவைச் சுருக்கும். உடம்பு பயந்து சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோனும் சுருக்கும். மருந்து நேராக அடித்ததா, பட்டினி வழியாக அடித்ததா என்று பிரிப்பது சுலபமல்ல. கோழிக்கு இந்த வித்தியாசத்தால் லாபம் ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

எல்லா மருந்தும் எல்லாப் பறவைக்கும் ஒரே மாதிரி கெடுதல் செய்யும் என்றும் நினைக்க வேண்டாம். டி.டி.டி.-யால் கழுகு, வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்ததை 1967-இல் இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் காட்டினார். கோழி முட்டை ஓடு அப்படி எளிதில் மெலிவதில்லை. இதைக் காட்டி 'கோழிக்கே ஒன்றும் ஆகவில்லையே' என்று வாதாடலாம் போலத் தோன்றும். ஆனால் 1950-லேயே பர்லிங்டன், லிண்டமன் என்ற இரு அமெரிக்கர்கள் டி.டி.டி. ஊசி போட்ட இளம் சேவல்களுக்குக் கொண்டை சரியாக வளரவில்லை, விதைப்பை சாதாரண அளவில் 18 சதவீதம்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஓடு தப்பியது, சேவல் தப்பவில்லை.

1974-இல் மிசிசிப்பியில் தீவனத்தின் வழியாக டீல்ட்ரின் ஏறி, கோழிக் கொழுப்பில் அனுமதித்த அளவைத் தாண்டியதால் லட்சக்கணக்கான கறிக்கோழிகளைக் கொன்று புதைத்தார்கள். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கம். பண்ணைகளில் சிவப்புச் செள் தொல்லை. சுத்தம் செய்ய வந்த ஆட்கள் தைல வாசனை மருந்தோடு ஃபிப்ரோனிலைச் சேர்த்து அடித்துவிட்டார்கள். உணவுக்கு வளர்க்கும் பிராணி மேல் அது படவே கூடாது. லட்சோபலட்சம் முட்டைகளை அழித்தார்கள், கோழிகளையும் கொன்றார்கள். செய்தியைப் படித்தபோது நான் கோயமுத்தூரில் ஆபீஸ் கேன்டீனில் இருந்தேன். கையில் ஆம்லெட். பேனுக்கு மருந்து அடிக்கப் போய்க் கோழியைக் கெடுத்தது நான் ஒருத்தன் மட்டும் இல்லை என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது? ஆனாலும் கொஞ்சம் இருந்தது.

2018 ஆகஸ்டில் மத்திய அரசு 18 பூச்சி, களைமருந்துகளுக்குத் தடை உத்தரவு போட்டது. ஷ்ராடர் வம்சத்தைச் சேர்ந்த மீத்தைல் பாரத்தியான், ஃபென்தியான், டயசினான் அதில் உண்டு. ஃபோரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் ஆகியவற்றுக்கு 2020 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பழைய பாட்டில்களை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிபார்த்தோம். இரண்டு பாட்டிலில் லேபிளே இல்லை.

2008 நவம்பரில் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியாகியிருந்தது. அடுத்த செமஸ்டருக்கு அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். எனக்கு அது படிப்பு முடிந்த பிறகுதான் தெரியும். பிழைத்த 4 கோழியில் ஒன்று அடை உட்கார்ந்து, அதிலிருந்து மறுபடி பெருக ஆரம்பித்தது. இப்போது 30-க்கு மேல் இருக்கும். மருந்து அடித்த காட்டு மக்காச்சோளத்தை அம்மா கோழிக்குப் போடுவதில்லை. குஞ்சு பொரித்தால் டாக்டர் சொன்ன தேதியில் சொட்டு மருந்து, பேனுக்குச் சாம்பல் குழி. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது குழியில் சாம்பல் தீர்ந்திருந்தது, நான் அள்ளிக் கொட்டட்டுமா என்று கேட்டேன்.

"நீ தள்ளி நில்லு கண்ணு" என்றார்.